எதிர்க்கட்சி போடாத ஸ்டார்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரை எதிர்க்கட்சி என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் கதவில் பித்தளைப் பலகையில் பளபளவென்று இருக்கிறது. இருந்தும் பார்சல் கொண்டு வருகிறவர்கள்கூட "எதிர்க்கட்சி சார் வீடு எது?" என்றுதான் கேட்கிறார்கள். சும்மா வந்த பெயர் இல்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது.

லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்ல ஒரு பெண் குரலை வைத்தார்கள். "மூடறது எனக்கே தெரியுதே, அதைச் சொல்றதுக்கு ஒரு ஆளா?" என்று மல்லுக்கு நின்றார். படிக்கட்டில் ஆள் நடந்தால் மட்டும் எரிகிற விளக்கு வந்தது. "மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்னா பொட்டுனு அணைஞ்சு போகுதே, நிக்கறது குத்தமா?" என்றார். கீழே கார் நிறுத்தும் இடத்தில் கையை நீட்டினால் தண்ணீர் கொட்டும் குழாய் வைத்தபோது, அதற்கு முன்னால் போய் இரண்டு கையையும் குவித்து, "தாயே, கொஞ்சம் மனசு வைம்மா" என்று கும்பிட்டுக் காட்டினார். கூடியிருந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நன்றாகச் சிரிக்க வைப்பார் மனிதர். அதுவே பின்னால் வினையாகிப்போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டில் உலை கொதிப்பதே இந்தச் சாமான்களால்தான். வீட்டு உபயோகப் பொருள்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கையேடு எழுதுவது அவர் வேலை. புதுசாக எதையாவது வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதுதான். ஈரக் கையால் தொடாதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்று அக்கறையாக எழுதுவார். உலகத்தில் ஒருவரும் படிக்க மாட்டார்கள். சொந்தக்காரர் யாராவது மெஷின் ஓடவில்லை என்று ஃபோன் செய்தால் இவரிடமிருந்து முதலில் வருகிற கேள்வி, "கையேட்டைப் படிச்சீங்களா?" என்பதுதான். "ஒருத்தன் மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதறான், நீங்க அதைச் சுருட்டிப் பல்லி விரட்டறீங்க" என்று மனம் நொந்து சொல்வார்.

அந்தக் கம்பெனியில்தான் ஒருநாள் புதிதாகச் செய்யப்போகிற, பேசுகிற குளிர்பெட்டி ஒன்றைத் திரையில் படமாகக் காட்டினார்கள். கதவை எப்போது திறக்கிறோம், எதை எடுக்கிறோம் என்று ஒவ்வொன்றையும் அது கம்பெனிக்குச் சொல்லிவிடுமாம். "ஒருத்தன் பசிக்குதுன்னு தன் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறக்கறான். அது உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று கேட்டார். மேலதிகாரி சிரித்துக்கொண்டே, "சார், நீங்க கையேட்டை மட்டும் பாருங்க" என்றார். அன்று முழுங்கிய வார்த்தைகளெல்லாம் அன்றிலிருந்து குடியிருப்பில் வந்து கொட்ட ஆரம்பித்தன. பாவம், வேறு எங்கே போய்க் கொட்டுவார்?

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. "காலத்துக்கேத்த மாதிரி அப்டேட் ஆகணும் சார்" என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்வதால் அவர் அப்டேட். கெட்ட மனிதர் கிடையாது. புதுசு என்று ஒன்றைக் கண்டால் கண்ணில் விளக்கு எரியும், அவ்வளவுதான். வாசல் கதவுக்கு ஒரு ஆப் கொண்டு வந்தது அவர்தான்.

குடியிருப்பவர்கள் பழையபடி அட்டையைக் காட்டி உள்ளே போகலாம். வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் வாசலில் இருக்கும் கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். அது போதாதென்று, யார் வீட்டில் வேலை நடந்ததோ அந்த வீட்டுக்காரர் சாயங்காலம், சங்கத்தில் பதிந்த தன் ஃபோனில் ஸ்டார் போட வேண்டும். ஸ்டார் குறைந்தால் கதவு திறக்காது.

பொதுக்கூட்டத்தில் எதிர்க்கட்சி எழுந்து நின்றார். "நாம அவங்களுக்கு மார்க் போடறோம். சரி. நமக்கு யாரு மார்க் போடறது? காசு கொடுக்காம இழுத்தடிக்கறவன், எச்சில் தட்டை அப்படியே போட்டுட்டுப் போறவன், அவங்களுக்கெல்லாம் எத்தனை ஸ்டார்?" என்று கேட்டார். கேட்டதில் எள்ளளவு தப்பு உண்டா? கிடையாது. ஆனால் லிஃப்டையும் விளக்கையும் குழாயையும் கரித்துக்கொட்டிய அதே வாய் அல்லவா! கூட்டம் வழக்கம்போல் சிரித்தது. "சார், குழாய் கும்பிடு ஒண்ணு போடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

"என் வீட்ல இந்த எழவு நுழையாது" என்று அங்கேயே சபதம் போட்டார். ஆப்பை ஃபோனில் ஏற்றவே இல்லை; அந்த ஆப் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் படிக்காமலே அழித்துவிடுவார்.

அவர் வீட்டில் வேலை செய்கிற பெண்ணை எல்லோரும் புயல் என்பார்கள். வந்தாள் என்றால் பாத்திரம், தரை, துணி என்று சுழற்றி அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பாய்ந்துவிடுவாள். அவள் பார்க்கிற வீடுகள் எல்லாமே இந்தக் கட்டடத்தில்தான். அவளுடைய புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறான். நடுவில் ஓடிப்போய் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, வாயில் இரண்டு கவளம் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்காகவே பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். இந்தக் கதவு மூடினால் அவளுக்கு வேறு கதவு இல்லை. தூரத்தில் வேலை கிடைத்தாலும் போக முடியாது.

ஆப் வந்த கொஞ்ச நாளில், துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த ஸ்டாரு மட்டும் போட்டுடுங்களேன்."

எதிர்க்கட்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "எதுக்கும்மா? நீ என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா? மனுஷிக்கு மார்க் போட நான் யாரு?"

"அதுக்கில்லண்ணா, நீங்க போடலைன்னா..."

"போட மாட்டேன்மா. உனக்காகத்தான் போட மாட்டேன். இன்னிக்கு ஸ்டாரும்பான், நாளைக்கு நீ எத்தனை தடவை குனியறேன்னு எண்ணுவான். ஒருத்தராவது எதிர்த்து நிக்கணும்ல?" என்று ஆரம்பித்து, குளிர்பெட்டிக் கதை வரை போய்விட்டு வந்தார். புயல் அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்று கதவைக் கதவைப் பார்த்தாள். கடைசியில் "சரிண்ணா" என்று போய்விட்டாள்.

பிறகு அவர் மனைவியிடம் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறவர், நாள் முழுக்க வலியில் கத்துகிறவர்களைச் சமாளிக்கிறவர். "போட்டுத்தான் தொலைங்களேன், உங்க கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்டார்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குடி."

"அந்தக் கொள்கையை வச்சுப் பாத்திரம் தேய்க்க முடியுமான்னு பாருங்க."

அதற்கும் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அன்று ராஜா மாதிரி தூங்கினார். ஊரே தலையாட்டும்போது ஒரு ஏழைப் பெண்ணுக்காகத் தான் ஒருத்தன் நிமிர்ந்து நிற்கிறோம் என்று அவருக்குள் ஒரு சந்தோஷம். பொய்யான சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். மனதார நம்பினார்.

அப்புறம் ஒரு காலை. வாசல் கேமராவில் புயல் முகத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு. "என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார் காவலாளி. பள்ளிக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சேதி கேட்டதும் எதிர்க்கட்சி சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் இறங்கி வந்தார். இத்தனை நாள் சொன்னது நடந்துவிட்டது! கோபம் ஒரு பங்கு என்றால், உண்மையைச் சொல்ல வேண்டுமே, குஷி ஒரு பங்கு. அப்டேட்டைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களாய்யா லட்சணத்தை? உழைக்கறவளை வெளியில நிறுத்திட்டு மெஷினுக்குக் காவல் காக்கறீங்களே, வெக்கமா இல்ல? எந்தப் பாவி அவளுக்கு ஸ்டாரைக் குறைச்சான்? அவன் பேரைச் சொல்லுங்க முதல்ல!"

அப்டேட் ஃபோனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சங்கடத்தில் குரல் இறங்கிப்போனது. "சார்... உங்க வீடுதான் சார்."

"என்ன உளர்றீங்க? நான் போடவே இல்லையே!"

"அதான் சார். போடலைன்னா ஜீரோன்னு எடுத்துக்கும். திருப்தியா இருக்கறவங்க கட்டாயம் போடுவாங்க, போடாதவங்களுக்கு ஏதோ குறை இருக்குன்னு ஆப் கம்பெனிக்காரங்க கணக்கு. மத்த வீட்லயும் அப்பப்போ மறந்துடறாங்க. ஆனா உங்க வீட்டுலேருந்து தினமும் ஜீரோ. நோட்டீஸ்லயே போட்டிருந்தோமே சார், படிக்கலையா?"

அவரே எத்தனை பேரைக் கேட்ட கேள்வி! அந்த நோட்டீசை அவர் கூட்டத்திலேயே கசக்கி எறிந்திருந்தார். இப்படி ஒரு கணக்கு எந்தக் கூறுகெட்டவன் மூளையில் உதித்தது என்று ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருப்பதுகூட ஒருத்தி தலையில் விழுமா? ஆனால் விழுந்திருக்கிறது. அந்தத் தலை எதிரிலேயே நிற்கிறது.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

புயல் கோபப்படவில்லை. "சொல்லத்தானே வந்தேன் அண்ணா. நீங்க பேசிட்டே இருந்தீங்க" என்றாள்.

அங்கேயே, அந்த வாசலிலேயே, ஆப்பைத் தன் ஃபோனில் ஏற்றச் சொன்னார். அப்டேட் ஏற்றிக் கொடுத்தார். அது முகத்தைக் காட்டு என்றது, காட்டினார். சிரி என்றது. கட்டைவிரலால் எல்லா ஸ்டாரையும் அமுக்கினார். சிவப்பு மாறவில்லை. ஒருமுறை சிவந்துவிட்டால், அவள் வேலை செய்கிற ஒவ்வொரு வீடும் புதிதாக ஒப்புதல் கொடுக்க வேண்டுமாம். அதற்கப்புறம் கம்பெனி பார்த்துத் திறக்குமாம்.

எதிர்க்கட்சி படியேறினார். ஒவ்வொரு வீட்டு மணியாக அடித்தார்.

"அட, வாங்க சார்! இன்னிக்கு எதை எதிர்க்கறோம்?"

"எதையும் எதிர்க்கலைங்க. ஒரு பட்டனை அமுக்கணும். அவ்வளவுதான்."

அதற்கும் சிரித்தார்கள். இதிலும் ஏதோ கிண்டல் இருக்கிறது என்று காத்திருந்தார்கள். அவர் சிரிக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஃபோனைத் தேடிப் போனார்கள். பாதிப் பேருக்கு ஒப்புதல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "இதோ இங்க மேல மூணு கோடு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க, இப்ப கீழ வாங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அந்த ஆப்புக்கு அவரைவிட நல்ல கையேடு இதுவரை எழுதப்பட்டதில்லை. யாருக்கும் புயல்மேல் ஒரு குறையும் இல்லை. ஐயோ பாவம் என்றார்கள், அமுக்கினார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

போடாவிட்டால் ஜீரோ என்கிற அந்த விதியை எடுத்துவிடச் சொல்லி அப்டேட்டும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினார்கள். அப்டேட்டுக்கே அசிங்கமாக இருந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று உடனே பதில் வந்தது. மனிதர் யாரும் எழுதிய பதில் இல்லை. விதி அப்படியே இருக்கிறது.

சில நாள் கழித்து விளக்கு பச்சையானது. எதிர்க்கட்சி அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, தேநீரை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எதிர்வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு வராந்தாவில் வாளி வைக்கும் சத்தம். தன் வீட்டு மணி அடிக்கவே இல்லை. எழுந்து வெளியே போனார்.

"நம்ம வீட்டுக்கு வரலையாம்மா?"

புயல் துடைப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். "இல்லண்ணா. வீட்ல அக்காகிட்ட நேத்தே ஃபோன்ல சொல்லிட்டேன்."

"கோவமா இருக்கியா? இருக்கத்தான் செய்யும். தப்பு என்னுதுதான். இனிமே தினமும் போட்டுடுவேன்மா, சத்தியமா சொல்றேன்."

"கோவம்லாம் இல்லண்ணா. நீங்க தங்கமான மனுஷன். பண்டிகை, பார்ட்டின்னு இல்லாம சும்மாவே ஒரு வாய் சாப்டியான்னு கேட்பீங்க. வேற யாரும் கேட்டதில்ல." அவள் துணியைப் பிழிந்தாள். "ஆனா உங்க வீட்ல வேலை செஞ்சா தினமும் பயந்துட்டே இருக்கணும். இன்னிக்கு என்ன யோசிச்சாரோ, போட்டாரோ இல்லையோன்னு. மத்த வீட்டுக்காரங்க என்னைப் பத்தி யோசிக்கறதே இல்லண்ணா. ஞாபகம் வந்தா அமுக்கிட்டுப் போயிடறாங்க. எனக்கு அது போதும்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் கையில் ஈரத்துணியோடு, சொல்லட்டும் என்று பொறுமையாக நின்றாள். எத்தனை தடவை இப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் நகருங்கண்ணா, அங்க துடைக்கணும்" என்றாள் புயல்.

அவர் நகர்ந்து நின்றார்.