எண்ணெய்த் தலையோடு நின்ற பிரசிடெண்டு

அந்த வருஷம் ஆனிச் சாரலில் நான் சுரண்டையிலிருந்து புறப்பட்டது அருவிக்காக அல்ல. இலஞ்சியில் என் மகள் செல்லத்துக்கு நிறைமாதம். முதல் பிள்ளை கால் முன்னால் வந்தபோது, ஜில்லா போர்டு சம்பளம் கொடுத்து வைத்திருந்த மருத்துவச்சிதான் இரண்டு உயிரையும் காப்பாற்றினாள். இப்போது நெல் விலை விழுந்து வரி வரவில்லையாம், சிக்கனமாம்! போர்டு முதலில் நிறுத்தியது அந்த மருத்துவச்சியைத்தான்.

தென்காசிக்குப் பதினோரு மைல். விடியுமுன் வண்டி கட்டினால் வெயிலுக்கு முன் சேரலாம். வண்டிக்காரர் தன் மைத்துனர்களின் கதையை ஆரம்பித்தார். அது தென்காசி தாண்டியும் முடியவில்லை, இங்கே வேண்டாம்.

இலஞ்சியில் நடவுக்காரப் பெண்களின் தலைவி இசக்கியம்மா எனக்காகக் காத்திருந்தாள்.

"மனு குடுத்துப் பாத்தாச்சு மதினி. நாளைக்கு போர்டு பிரசிடெண்டு குத்தாலத்துக்குக் குளிக்க வாராரு. நீங்களும் வாங்க."

மறுநாள் நடவுக்காரப் பெண்களோடு நடந்தே போனோம். குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் குளிக்காமல் வீடு திரும்ப முடியாது. பிரசிடெண்டு உச்சி முதல் பாதம் வரை தேய்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அருவிக்குப் போகும் பாறையை மறித்து உட்கார்ந்தோம்.

"வழிய விடுங்கம்மா, எண்ணெ கண்ணுல எறங்குது!"

"மருத்துவச்சிய விடும், வழிய விடுதோம்."

"கஜானாவுல துட்டு இல்லம்மா. சிக்கனம்."

"வெள்ளக்காரத் தொர வந்தப்ப ஊரெல்லாம் வளைவு கட்டுனீயளே, அன்னைக்கு எங்கன போச்சு ஒம்ம சிக்கனம்?"

அவர் கட்சிக்காரர் ஒருவர் காதோரம் போய், எங்களுக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்: "எலெக்சன் வருது அண்ணாச்சி. இவ்வளவு வீட்டு ஓட்டும் போயிரும்."

"சரி, நாளைக்கே மருத்துவச்சி வருவா!"

"அப்ப நாளைக்கே குளியும்," என்றாள் இசக்கியம்மா.

எண்ணெய் தேய்த்துவிட்டவர்கூடச் சிரித்துவிட்டார். பிரசிடெண்டு அங்கேயே ஆளைக் கூப்பிட்டு மருத்துவச்சி வீட்டுக்குச் சைக்கிளில் அனுப்பினார். சைக்கிள் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் எழுந்தோம்.

அந்த வாரமே பேரன் பிறந்தான். அவனும் கால் முன்னால்தான். மருத்துவச்சி பக்கத்தில் இருந்தாள்.

தேர்தல் வந்ததும், சிக்கனம் பேசிய அதே கட்சி 'ஊருக்கொரு மருத்துவச்சி' என்று நோட்டீஸ் அடித்தது. இசக்கியம்மாவையே போர்டு மெம்பராக வரச்சொல்லிக் கேட்டார்கள்.

"வாரேன். ஆனா மருத்துவச்சி வேலையில கை வச்சா, மெம்பரா இருந்தாலும் பாறையிலதான் உக்காருவேன்," என்றாள். போனாள், இன்றும் மெம்பராக இருக்கிறாள்.

குற்றாலம் போகிறவர்கள் ஆனி, ஆடியில் போங்கள். காய்ந்த துண்டு இரண்டு வேண்டும், பாறை வழுக்கும். போர்டில் பதவியில் இருப்பவராக இருந்தால், எண்ணெயைத் தொடுமுன் பாறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரசிடெண்டு இப்போதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தேய்க்கிறார்.