தபீதாள் சிஸ்டரும் நான்கு நொடிகளும்

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், குழந்தைகள் அவசரப் பிரிவில் எல்லோரையும்விட உரக்கப் பேசுபவர் தபீதாள் சிஸ்டர்தான். வம்பு பேசமாட்டார், எண்களைப் பேசுவார். "ஒம்பது கிலோ. பாயின்ட் ஒம்பது எம்.எல்." என்று மருந்தின் அளவைச் சொல்லிவிட்டு, எதிரில் நிற்பவர் அதையே திருப்பிச் சொல்லும்வரை ஊசியைக் கையை விட்டுத் தரமாட்டார். டாக்டராக இருந்தாலும் சரி. புதிதாக வருகிறவர்கள் சிலர் வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள். அங்கே இ.சி.ஜி. எடுக்கும் முனிரத்தினமாகிய நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

சிஸ்டருக்கு வயது நாற்பத்தெட்டு. வீடு கீழ்க்கட்டளையில். காலையில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருப்பார். குழந்தையைக் கையில் வாங்கியதுமே எடையைச் சொல்லிவிடுவார். எடைக்கருவி நூறு, நூற்றைம்பது கிராம் வித்தியாசத்தில் அதையேதான் காட்டும். அப்படியும் கருவியில் வைத்துப் பார்க்காமல் ஒரு சொட்டு மருந்து எடுக்கமாட்டார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வேற ஊர், வேற ஆஸ்பத்திரி. சீட்டுல பாயின்ட் பூஜ்யம் அஞ்சுன்னு எழுதியிருந்தாங்க. நான் பாயின்ட் அஞ்சுன்னு படிச்சேன்" என்றார்.

பத்து மடங்கு மருந்து. ஊசியில் ஏற்றி, குழந்தையின் கட்டில்வரை போய்விட்டாராம். பக்கத்துக் கட்டிலில் இருந்த நர்ஸ், "என்ன இவ்ளோ எடுத்திருக்கே?" என்று கேட்டதால் குழந்தை தப்பியது.

"ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. பெரியவங்களுக்கு ஒரு ஆம்பூல் மருந்தை உடைச்சு முழுசா போட்டுடலாம். இதுங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்குப் போடணும். என் கண்ணை மட்டும் நான் நம்பறதில்ல முனிரத்தினம்."

அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள் ஒரு பெண். பெயர் அங்காளம்மா. பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடியில் வீடு. காசிமேட்டில் மீன் எடுத்துவந்து மேடவாக்கத்தில் விற்பவள். தோளில் நான்கு மாதக் குழந்தை ஸ்நேகா, துவண்டு கிடந்தது.

"நேத்துலேர்ந்து பால் குடிக்கலக்கா. வேர்த்து ஊத்துது. மூச்சு வாங்கிக்கினே கீது. இன்னான்னே தெரில."

சிஸ்டர் குழந்தையை வாங்கினார். "ஆறு கிலோ" என்றார். கருவி ஐந்து கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது.

நான் வயர்களை ஒட்டினேன். திரையைப் பார்த்ததும் கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். நிமிடத்துக்கு இருநூற்று எண்பது துடிப்பு. அந்த வயதில் நூற்று நாற்பது வாக்கில் இருக்கவேண்டியது. கோடுகள் சீப்பின் பற்களைப் போல நெருங்கி நின்றன. டாக்டர் சத்யப்ரியா தாளை ஒருமுறைதான் பார்த்தார்.

"இதயத்துல ஓடுற மின்சாரம் ஒரு வட்டத்துல மாட்டிக்கிட்டு சுத்துதும்மா. இவ்வளவு வேகமா துடிச்சா ரத்தம் நிரம்ப நேரமே இருக்காது. இப்பவே அதை நிறுத்தியாகணும்."

முதலில் ஒரு பையில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, மூக்கும் வாயும் மூடாமல், குழந்தையின் நெற்றியிலும் கண்களின் மேலும் வைத்தார்கள். அங்காளம்மா பதறினாள்.

"இன்னாக்கா, மீனுக்குப் போடுற ஐஸ கொழந்த மூஞ்சில வெக்கிறீங்க!"

"சில நேரம் இதுக்கே அடங்கிடும்மா" என்றார் சிஸ்டர்.

அடங்கவில்லை. திரையில் அதே இருநூற்று எண்பது.

"அடினோசின் கொடுத்துடலாம்" என்றார் டாக்டர். "அம்மாவைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க."

"இருக்கட்டும் டாக்டர். நான் சொல்லிடறேன்." சிஸ்டர் அங்காளம்மாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "இங்க பாரும்மா. இந்த மருந்து போனதும் பாப்பாவோட இதயம் ஒரு சில செகண்டு நிக்கும். அதுக்காகத்தான் போடறோம். நின்னாதான் அந்தச் சுத்து அறுந்து, சரியா ஓட ஆரம்பிக்கும். அப்படி வரலைன்னா அடுத்து செய்யவேண்டியது எல்லாம் இங்கயே ரெடியா இருக்கு. நீ பயந்து கத்திடாத, என்ன?"

"நிக்குமா?" என்று கேட்டாள் அங்காளம்மா. பிறகு, "போடுங்க" என்றாள்.

அந்த மருந்துக்கு ரத்தத்தில் ஆயுள் பத்து நொடிகூடக் கிடையாது. அதற்குள் இதயத்தை எட்டிவிட வேண்டும். ஆகவே மருந்தைச் செலுத்திய அதே கணத்தில் உப்புநீரைப் பின்னாலேயே வேகமாகத் தள்ள வேண்டும். குழந்தையின் புறங்கையில் ஊசிக்குழாய் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். அதன் வழியாக முதல் அளவு போனது. திரையில் ஒரு நடுக்கம். மறுபடியும் இருநூற்று எண்பது. ஸ்நேகாவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

"புறங்கைலேர்ந்து போய்ச் சேர்றதுக்குள்ள மருந்து செத்துடுது டாக்டர். முழங்கை மடிப்புல ஒரு லைன் போட்டுடறேன்" என்றார் சிஸ்டர்.

அந்தக் கை என் இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது. நரம்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினார். ஒரே குத்து. குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஆறு கிலோ. கிலோவுக்குப் பாயின்ட் ரெண்டு. மொத்தம் ஒன்னு பாயின்ட் ரெண்டு மில்லிகிராம்."

"ஒன்னு பாயின்ட் ரெண்டு" என்றார் டாக்டர், செயற்கை மூச்சுப் பையைக் கையில் பிடித்தபடி.

"ஒன்னு பாயின்ட் ரெண்டு" என்று சுவரோரம் நின்ற அங்காளம்மாவும் முணுமுணுத்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

நான் இ.சி.ஜி. தாளை ஓடவிட்டேன். சிஸ்டர் ஒரு கையில் மருந்தும் மறு கையில் உப்புநீருமாக இரண்டு ஊசிகளைப் பிடித்து, ஒன்றை அழுத்திய மறுகணமே மற்றதை முழுவதுமாகத் தள்ளினார்.

சீப்புப் பற்கள் கலைந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. திரையில் ஒரு நேர்கோடு. அலாரம் அலறியது. அதை யாரும் அணைக்கவில்லை. ஸ்நேகாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. என் கைக்கடியில் வெற்றுத்தாள் ஓடிக்கொண்டே இருந்தது. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். உயிருள்ள குழந்தையிடமிருந்து இவ்வளவு நீளத்துக்கு நேர்கோடு வந்து நான் பார்த்ததில்லை. டாக்டரின் கை மூச்சுப் பையைக் குழந்தையின் முகத்தருகே கொண்டுபோனது. அங்காளம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை.

ஒரு துடிப்பு வந்தது.

கோணல்மாணலாக இன்னொன்று. அப்புறம் ஒன்று, ஒன்று, ஒன்று. நடுவில் நல்ல இடைவெளி விட்டு, அழகாக. நூற்று நாற்பத்திரண்டு.

ஸ்நேகா வீறிட்டு அழுதாள். அந்தப் பிரிவில் அழுகை எங்களுக்குப் பழகிப்போன சத்தம். அன்று எல்லோரும் அசையாமல் நின்று அதைக் கேட்டோம்.

தாளை எடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நேர்கோடு மட்டும் பத்து சென்டிமீட்டர். ஒரு நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் ஓடும் தாள் அது. அப்படியானால் நான்கு நொடி. உள்ளே போன மருந்து அரை எம்.எல். கூட இல்லை. அந்தச் சில சொட்டு ஓர் இதயத்தை நிறுத்தி, விட்டுவிட்டு, அடையாளமே இல்லாமல் கரைந்துபோயிருந்தது.

சிஸ்டர் கை கழுவிவிட்டு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்காளம்மா ஒரு விரலை ஸ்நேகாவின் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த நேரத்துல எம் பொண்ணு எங்க போயிருந்தா?"

டாக்டரிடம் கேட்டிருந்தால் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பார். தபீதாள் சிஸ்டர் ஸ்நேகாவின் கையிலிருந்த ஒட்டுப்பட்டையைச் சரிசெய்தார்.

"எனக்கும் தெரியலம்மா. இதோட பதினோரு குழந்தைக்கு இந்த மருந்து போட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எனக்கும் மூச்சு நின்னுதான் வருது" என்றார்.

ஐந்து நாள் கழித்து ஸ்நேகா வீட்டுக்குப் போனாள். மறுபடி அந்தச் சுற்று வராமலிருக்கத் தினமும் மருந்து கொடுக்கவேண்டும். எப்படிக் கொடுப்பது என்று சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். இதுவரை திரும்ப வரவில்லை. ஒரு வயதுக்குமேல் மருந்தையே நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது ஸ்நேகா என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயர் ஒட்டவே விடவில்லை. பிய்த்துப் பிய்த்துப் போட்டாள்.

"அடங்குடி! அண்ணா கோச்சுக்கப் போறாரு" என்று அதட்டினாள் அங்காளம்மா.

மூன்றாவது முயற்சியில்தான் எடுக்க முடிந்தது. நூற்றுப் பதினெட்டு. தாளை நீட்டி அங்காளம்மாவிடம் காட்டினேன். அவள் ஒவ்வொரு துடிப்பாக விரல் வைத்து, கடைசிவரை எண்ணிக்கொண்டு போனாள்.