பாதைக்கார வினாயகமூர்த்தி சைக்கிள் எடுத்த கதை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுக்குத் தெற்கே ஒரு சின்னத் துறை இருந்தது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடத்தும் தட்டைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். அந்தத் துறையில் பாதை ஓட்டியவர் வினாயகமூர்த்தி. மீசை முளைத்த காலத்திலிருந்து தலை நரைக்கும்வரை அதுதான் அவருக்குத் தொழில். அவர் ஏற்றி இறக்கிய சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினால் கரடியனாறு வரைக்கும் போகும். ஆனால் அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. வீடு துறையடியில்தான். கடை துறையடியில். பாதையும் துறையை விட்டு எங்கே போய்விடப் போகிறது?

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கடலோரத்திலிருந்து ஓடி வந்த சனத்தை அவர் இருட்டும்வரை இந்தக் கரைக்கு ஏற்றினார். அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கூடாரம், தண்ணீர்த் தாங்கி, பிஸ்கட் எல்லாம் வந்தன. சிலர் தங்கள் சைக்கிள்களோடு வந்தார்கள். பிறகு சண்டை படுவான்கரைக்கு வந்து ஊரையே கிளப்பி, திரும்பக் கொண்டுவந்து விட்டது. 2009இல் யுத்தம் முடிந்தது. அடுத்த வருடம் துறைக்கு இரும்பில் செய்த புதிய பாதை ஒன்று வந்தது. அதற்கு வட்டமான ஸ்டியரிங். ஓட்டுவதற்குப் பயிற்சி பெற்ற ஆளும் கூடவே வந்தார்.

வினாயகமூர்த்தியை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. உள்ளூர்க் காரியாலயம் ஒன்றில் அறிவித்தல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஊர் ஊராகப் போக வேண்டும். நடந்து போனால், கூட்டம் முடிந்த பிறகுதான் கூட்டத்துக்கான அறிவித்தல் போய்ச் சேரும். முதல் வாரத்தில் அப்படித்தான் நடந்தது.

அதே காரியாலயத்தில் வேலை செய்த தங்கராசா ஒரு யோசனை சொன்னார். "நீங்க சாதாரண சைக்கிள் எடுக்காதீங்க, மூர்த்தியண்ணன். இப்ப றோட்டு பாதி காபட் போட்ட தார், பாதி கிறவல் மண். இதுக்கெண்டே ஹைபிரிட் எண்டு ஒரு சைக்கிள் இரிக்கு. றேஸ் சைக்கிள் மாதிரி ஓடும், மலையேறுற சைக்கிள் மாதிரி தாங்கும்."

"எனக்கு எந்தச் சைக்கிளும் ஓடத் தெரியாதே தம்பி."

"அப்ப எதில பழகினா என்ன?"

இது வினாயகமூர்த்திக்கு நியாயமாகப் பட்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். புதிது எடுப்பதா, பாவித்தது எடுப்பதா?

வீட்டில் மனைவியிடம் கேட்டார். அவள் பெயர் ஆச்சிப்பிள்ளை. பெயரில்தான் ஆச்சி, வயது நாற்பதுதான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அயலவர் சைக்கிளை இரவல் வாங்கி ஓடுபவள். அறுவடைக் காலத்தில் பின்னால் ஒரு நெல்மூட்டையும் முன்னால் ஒரு பிள்ளையும் வைத்துக்கொண்டு வயல் வரம்பிலேயே ஓடுவாள். அவள் யோசிக்கவே இல்லை.

"புதுச எடுங்க. நம்மட வட்டையில ஹைபிரிட் நெல்லு விதைச்சமே, மறந்திட்டீங்களா? முதலாம் போகம் குலை குலையாத் தள்ளிச்சு. அதையே எடுத்து வெச்சு அடுத்த போகம் விதைச்சம். பாதி பதர். ஹைபிரிட்ட ஒருத்தர் பாவிச்ச பிறகு நாம பாவிக்க ஒண்ணா."

அடுத்த நாளே பஸ் ஏறி டவுனுக்குப் போனார். கண்ணாடி போட்ட பெரிய கடை. புதிய சைக்கிள்கள் பொலித்தீன் உறையோடு கல்யாண வீட்டுப் பெண்கள் போல நின்றன. முதலாளி மரியாதையான மனிதர்.

"இது நல்ல சாமான் ஐயா. முன்னுக்கு மூண்டு கியர், பின்னுக்கு ஏழு."

வினாயகமூர்த்தி யோசித்தார். பாதையின் எஞ்சினில் முன்னுக்குப் போக ஒரு கியர், பின்னுக்குப் போக ஒன்று இருந்தது. அதில் பின்னுக்குப் போவது கரையைத் தட்டினால் மட்டும்தான்.

"பின்னுக்குப் போக எனக்கு ஏழு தேவையில்ல. ஒண்டு காணும்."

"இல்ல ஐயா, எல்லாமே முன்னுக்குத்தான் போகும்."

"அப்ப எதிலயாவது போய் முட்டினா எப்பிடி எடுக்கிற?"

"இறங்கி எடுக்கிறதுதான்."

ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டார். முதலாளி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஓடத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று உண்மையைச் சொன்னார். முதலாளி சைக்கிளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டவுனுக்கு வந்ததும் வந்தோம், பாவித்ததையும் ஒரு கண் பார்ப்போம் என்று காத்தான்குடிக்குப் போனார். அங்கே எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அசனார் என்பவர் பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமும் ஒரு ஹைபிரிட் நின்றது. சாம்பல் நிறம், நல்ல உயரம்.

"சுனாமிக்கு வந்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போகக்குள்ள குடுத்திட்டுப் போன," என்றார் அசனார். "வெயிலும் கண்டிரிக்கி, மழையும் கண்டிரிக்கி. விழாத இடமும் இல்ல. நீங்க புதுசா விழுந்து ஒரு கீறல் போட இதில இடம் கிடைக்கிற கஷ்டம், அண்ணன்."

புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட ஆறுதலான பேச்சு வேறு இல்லை. ஆனாலும் அவர் மனதில் நெல் இருந்தது. "காக்கா, ஹைபிரிட் ரெண்டாம் போகம் பதராப் போகாதா?"

அசனார் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். "ரயர் ரெண்டும் புதிசு அண்ணன்," என்றார்.

அப்போதுதான் வினாயகமூர்த்தி குனிந்து பார்த்தார். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் வண்ணம் உரிந்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. அது கயிறு உரசிய தடம். அவருடைய கயிறு. சுனாமிக்குப் பிறகு வாரத்தில் பல நாள் இந்தச் சைக்கிளைப் பாதையின் கம்பியில் சாய்த்துக் கட்டியவர் அவர்தான். இறுக்கிக் கட்ட வேண்டாம், வண்ணம் போகும் என்று அந்த நெட்டை வெள்ளைக்காரர் கையால் காட்டுவார். இவர் தலையாட்டிவிட்டு இன்னும் இறுக்கிக் கட்டுவார்.

"இது எனக்குத் தெரிஞ்ச சைக்கிள்," என்றார் வினாயகமூர்த்தி. அதற்குப் பிறகு நெல்லைப் பற்றி அவர் பேசவில்லை.

கொண்டுவந்த சைக்கிளை ஆச்சிப்பிள்ளை சுற்றி வந்து பார்த்தாள். "பதர்," என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, ஓடப் பழக்குவதற்கு வந்தாள்.

பழகுவது சுலபமாக இருக்கவில்லை. பழைய பாதையில் சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். முப்பது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? மாடு வலப்பக்கம் நின்றால், விலகுவதற்காக அவர் ஹாண்டிலை வலப்பக்கம் தள்ளினார். மாடு இரண்டு முறை பொறுத்துக்கொண்டது. நிறுத்துவதும் அப்படித்தான். பாதையில் கரை வருவதற்கு வெகு முன்பே எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்க விடுவார்கள். அவரும் இறங்க வேண்டிய வீட்டுக்கு மூன்று வளவு முன்பே மிதிப்பதை நிறுத்திவிட்டு, கம்பீரமாக நிமிர்ந்து இருந்தார். சைக்கிள் மெல்ல மெல்ல ஓய்ந்து, யாரோ ஒருவருடைய வேலியில் சாய்ந்தது.

"பிறேக் எண்டு ஒண்டு இரிக்கு," என்றாள் ஆச்சிப்பிள்ளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.

"அவசரத்துக்குத்தானே அது."

ஒரு மாதத்தில் ஓடப் பழகிவிட்டார். ஆனால் ஆச்சிப்பிள்ளை பிடிக்காமல் ஏறப் பழகவில்லை. சீற், அதாவது இருக்கை, அவருடைய இடுப்புக்கு மேலே இருந்தது. கால் நிலத்தில் எட்டாது. ஏறுவதற்கு ஏதாவது உயரமான இடம் வேண்டும்.

அந்த இடத்தை இராணுவம் கொடுத்தது. வவுணதீவுக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. மண் நிரப்பிய தார்ப் பீப்பாய்களை றோட்டின் இரு பக்கமும் அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் அங்கே இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். வினாயகமூர்த்தியோ வீட்டிலிருந்து அதுவரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து, அங்கே பீப்பாய்மேல் ஏறிச் சைக்கிளில் இருப்பார். முதல் நாள் பீப்பாயில் ஏறியவரைப் பார்த்துக் காவலுக்கு நின்ற சிப்பாய் துவக்கைத் தூக்கினான். இரண்டாம் நாள் சிரித்தான். மூன்றாம் நாள் வினாயகமூர்த்தி அவனைப் பார்த்து, "பொட்டக் அல்லன்ன, மாத்தயா," என்றார். கொஞ்சம் பிடியுங்கள் ஐயா என்பதற்கு அவர் படித்து வைத்திருந்த சிங்களம் அது. சிப்பாய் துவக்கை முதுகில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்தான். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அவன்தான் அவரைத் தள்ளிவிட்டான்.

ஒருநாள் சோதனைச்சாவடியை எடுத்துவிட்டார்கள். ஊர் சந்தோஷப்பட்டது. இனி இறங்கத் தேவையில்லை என்று சனம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்தது. பீப்பாய்கள் இருந்த இடத்தில் கவலையோடு நின்றவர் மாவட்டத்திலேயே வினாயகமூர்த்தி ஒருவராகத்தான் இருப்பார். "ஒண்டையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்," என்று தங்கராசாவிடம் சொன்னார். தங்கராசா அவரை அக்கம்பக்கம் பார்த்துப் பேசச் சொன்னார்.

பிறகு ஏறுவதற்கு மதகுக் கட்டுகளை நம்பி ஓடினார். மதகுக்குப் பக்கத்து வீடுகளுக்கு அறிவித்தல் முதலில் போனது. மதகில்லாத ஊர்களுக்கு அடுத்த நாள் போனது. ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, "காரியாலய ஒழுங்கு," என்று பதில் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை ஆச்சிப்பிள்ளை சைக்கிளைக் கழுவினாள். சீற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி சேற்றால் மூடிக் கிடந்தது. அதைத் தேய்த்தபோது பிடி திறந்துகொண்டது. சீற் சர்ரென்று கீழே இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் படுத்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க. இது இறங்குது."

வினாயகமூர்த்தி வெளியே வந்து சைக்கிளில் ஏறி இருந்து பார்த்தார். இரண்டு காலும் நிலத்தில் பதிந்தன. பீப்பாய்களையும் மதகுகளையும் அந்தச் சிப்பாயையும் நினைத்திருக்க வேண்டும். "இத ஒருத்தரிட்டயும் சொல்லாத," என்றார். அவள் அன்று பின்னேரத்துக்குள் ஊருக்கே சொல்லிவிட்டாள்.

சீற் இறங்கியதும் அந்தச் சைக்கிள் ஆச்சிப்பிள்ளைக்கும் அளவாகப் போய்விட்டது. அவள் எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர நேரமாகும். அறிவித்தல்கள் மறுபடியும் பிந்தின. அவளுக்கும் ஒன்று எடுப்பது என்று முடிவாகி, இருவரும் டவுனில் அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். இந்த முறை புதிது. வினாயகமூர்த்தி இப்போது விஷயம் தெரிந்தவர். கியர், பிறேக், சீற் என்று ஒவ்வொன்றாக முதலாளியிடம் விசாரித்தார். கயிறு கட்டினால் வண்ணம் போகுமா என்றும் கேட்டார். ஆச்சிப்பிள்ளை ரயரை ஒருமுறை நசுக்கிப் பார்த்தாள். ஓடிப் பார்த்துவிட்டு வாறன் என்று ஏறிப் போனாள்.

அவரும் முதலாளியும் பேசி முடித்து வெகு நேரமாகியும் அவள் வரவில்லை. கடைசியில் முதலாளிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, வினாயகமூர்த்தி தனியாகப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். புதுச் சைக்கிள் முற்றத்தில் நின்றது. வழியிலேயே எங்கோ நிறுத்தி அதற்குக் கரியர் பூட்டியிருந்தாள். கரியரில் ஒரு கட்டு விறகு இருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.