கட்டைவிரலுக்கு அடியில்

அம்மாவின் விரலில் ஊசி குத்தி, ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்ததுமே சர்க்கரை மெஷினின் திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள் ஜுவேரியா. சாப்பிட்ட இட்லி எத்தனை, மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதிய பிறகுதான் விரலை எடுப்பாள். "நம்பரை மொதல்ல பாத்துட்டா, அதுக்கு ஏத்தாப்ல கத கட்டுவோம்ண்ணே."

என் தங்கை. வயது முப்பத்தாறு. மந்தைவெளியிலிருந்து அடையாறு பக்கமுள்ள ஓர் ஆய்வு நிலையத்துக்குப் பஸ்ஸில் போகிறாள். நான் ஒன்பதாவதோடு நின்று, தி. நகரில் ஜாக்கெட் வெட்டுகிறவன். அவள் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு: வெளிநாட்டில் ஒரு பெரிய வளையத்துக்குள் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோத விடுகிறார்கள். அபூர்வமாக ஒரு மோதலில் புரோட்டானும் அதன் எதிர்த்துகளும் ஜோடியாகப் பிறக்கும். எத்தனை ஜோடி, எந்தக் கோணத்தில் பறந்தன என்று எண்ணினால், புரோட்டானுக்குள் மின்னூட்டமும் காந்தமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று கணக்கிடலாம். ஏழு வருடம் எண்ணினாள்.

மாடி வீட்டு கைசர் ஜஹான் அத்தை விடமாட்டார். "இன்னாம்மா, ஏழு வருசமா ஒரே நம்பர தேடிக்கினுகீற? மாப்ள நம்பர்னா நானே குடுத்திருப்பேனே." ஜுவேரியா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள்.

அவளுடைய ஆய்வுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியும்வரை விடையை யாரும் பார்க்கக் கூடாது. குழுவில் ஒருவர் ஏதோ ஓர் எண்ணை ரகசியமாக அதில் கலந்து வைத்திருப்பார். எல்லாம் சரிபார்த்த பிறகே நீக்குவார். டிசம்பரில் நீக்கினார்கள். விடை பழைய அளவீடுகளோடு அப்படியே பொருந்தியது. லேப்டாப்பில் பதினான்கு பேர் கைதட்டிய சத்தம் சமையலறைவரை கேட்டது.

பன்னிரண்டாம் நாள், கருவியில் சிக்காமல் தப்பும் துகள்களுக்கான திருத்தத்தைத் தான் இரண்டு முறை போட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். சரிபார்த்த ஆறு பேர் கண்ணிலும் அது படவில்லை. சரிசெய்தால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

யாருக்குத் தெரியப் போகிறது, விட்டுவிடேன் என்று நான்தான் சொன்னேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அப்ப அது புரோட்டானோட அளவு இல்லண்ணே. என்னோட அளவு."

அன்றைக்கே குழுவுக்குக் கடிதம் எழுதினாள். பாராட்டிப் பதில் வந்தது. கூடவே முடிவும் வந்தது: விடையைப் பார்க்காத வேறொருவர் முதலிலிருந்து செய்வார், விடையைப் பார்த்துவிட்டவள் இனி அந்தக் கணக்கைத் தொடக் கூடாது. அந்த விதியை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. நியாயம்தான் என்கிறாள். மார்ச்சோடு வேலைக் காலம் முடிகிறது. வேறு இடங்களுக்கு எழுதிப்போடச் சொன்னால், "எதைக் காட்டிண்ணே?" என்று கேட்கிறாள்.

நேற்றுக் காலை வழக்கம்போல ஊசி குத்தினாள். கட்டைவிரல் திரையை மூடியது. நோட்டு திறந்தே கிடந்தது, பேனாவை எடுக்கவில்லை. அம்மா இரண்டு முறை, "எவ்ளோடி கீது?" என்றாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாக அணையும் சத்தம் கேட்டது. விரல் அங்கேயே இருந்தது.