பெயர் இல்லாத அறுபத்துமூன்று வரிகள்

ஸஹீதிடம் ஒரு பழக்கம். ஊரில் யார் மௌத்தானாலும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், அவர் அடக்கம் நடக்கிற மையவாடிக்குப் போவார். அடக்கி முடிந்ததும் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கபுறுக் குழி என்று நாடா பிடித்து அளந்து துண்டில் குறித்துக்கொண்டு வந்து கணினியில் ஏற்றிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். மருதமுனைச் சந்தியில் அவரைக் கண்டால், “எனக்கு இன்னும் நாள் இரிக்கி ஸஹீத், அங்கால போங்க” என்று ஆட்கள் பகிடி விடுவார்கள். அவரும் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் அடுத்து என்ன கதைப்பதென்று தெரியாமல் நிற்பார். ஆட்கள் போய்விடுவார்கள்.

அவரோடு அதிகமாகக் கதைத்த ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். அதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடக்க வேலைகளைப் பார்க்கிற ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் என்பதால் கதைத்தேன். “சரீப் மச்சான்” என்று அவர் அழைத்தால் வேலை விசயமாகத்தான் இருக்கும். வேறு விசயம் அவரிடம் இருக்கவில்லை, அல்லது நான் கேட்கவில்லை.

ஸஹீத் கல்முனை பிரதான வீதியில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தவர். சுனாமியில் கடல் வந்த அன்று காலை அட்டாளைச்சேனையில் யாருடையதோ கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஸம்ஸியா கடற்கரையோரம் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அக்காவின் உடல் கிடைத்தது, ஸம்ஸியா கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. பிறகு எத்தனையோ பேர் கலியாணம் பேசி வந்தார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

அன்று ஜனாஸாக்களை அடக்கியவர்கள் ஒரு சீ.ஆர். கொப்பியில் விபரம் எழுதி வைத்திருந்தார்கள். தெரிந்த முகங்களுக்குப் பெயர் இருந்தது. தெரியாதவர்களுக்கு ஆண் அல்லது பெண், குழி இலக்கம், அவ்வளவுதான். கொப்பி உப்புத் தண்ணீரில் ஊறிக் கிழியத் தொடங்கியபோது ஸஹீத் அதை வாங்கிக்கொண்டு போய், ‘மையவாடிப் பதிவேடு’ என்று தானே ஒரு மென்பொருள் எழுதினார். முதலில் ஏற்றியது அந்தக் கொப்பியைத்தான். இன்று இந்தக் கரையில் பன்னிரண்டு பள்ளிவாசல்கள் அதைப் பாவிக்கின்றன.

போன வருசம் வினை வந்தது. பள்ளிவாசல்களுக்குப் புதிய கணினிகள் கிடைத்தன, அவற்றில் புதிய இயங்குதளம். அதில் ஒழுங்காக ஓடும் என்று கொழும்பிலிருந்து சான்றிதழ் பெற்ற மென்பொருளை மட்டும்தான் ஏற்றலாம் என்று நிபந்தனை. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் கடையில் வாங்கிய வேறொன்றைப் போடுவதாக முடிவாகியிருந்தது. ஸஹீத் ஒன்றரை மாதம் மையவாடிக்குத் தவிர வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பழைய எழுத்துருவில் அடித்த பெயர்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றினார், தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டினார். இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அறிக்கையில் ஒரே ஒரு குறைதான் மிஞ்சியிருந்தது.

அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் அவர் வீட்டில் இருந்தேன். அறிக்கையை இயந்திரம் எழுதியிருந்தது: பெயர்க் கட்டம் வெறுமையாக அறுபத்துமூன்று பதிவுகள் உள்ளன. எல்லாம் ஒரே திகதி. இவை பரீட்சார்த்தப் பதிவுகளாகத் தெரிகின்றன, நீக்கிவிட்டு மீண்டும் அனுப்பவும்.

ஸஹீத் ஸ்பீக்கரில் போட்டுக் கொழும்புக்கு அழைத்தார். சான்றிதழில் ஒப்பமிடுகிற தங்கராசா என்பவர் எடுத்தார். எங்கள் பக்கத்து ஆள், ஊர் சவளக்கடை.

“சேர், அது டெஸ்டுக்குப் போட்ட டேட்டா தானே? அழிச்சிட்டு அனுப்புங்க, இண்டைக்கே பாஸ் பண்ணிடலாம்.”

“திகதியப் பாருங்க தம்பி” என்றார் ஸஹீத்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தங்கராசா மெல்ல, “மன்னிச்சிக்கொள்ளுங்க சேர், நான் பார்க்கல்ல” என்றார். “ஆனா வெறுமையா விட ஏலாது. புதுசில பேர் இல்லாட்டி அந்த வரிய ஏத்துக்கொள்ளாது. ‘பெயரில்லை’ எண்டாவது போடுங்களன்.”

“பேரில்லாமலா இருந்தாங்க? எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு ஸஹீத் அழைப்பை வைத்தார்.

எனக்குப் பொறுமை குறைவு. மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது, பன்னிரண்டு பள்ளிவாசலுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். “இருவது வருசத்துக்கு மேல ஆகிட்டு ஸஹீத். ஒருத்தரும் தேடி வரல்ல. அழிச்சிப்போட்டு வேலையப் பாருங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். பெண், பெண், ஆண், பெண் என்று வரிசையாக இருந்தது. “இதுல எத முதல்ல அழிக்க? நீங்களே சொல்லுங்க மச்சான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருசமாக அந்த ஆள் அந்த வரிகளோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ சாட்டுச் சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஆமினா உம்மா மௌத்து. எங்கிருந்தோ வந்து எங்கள் ஊரில் அப்பம் சுட்டு விற்று, உறவென்று யாருமில்லாமல் இருந்த மனுசி. அடக்கி முடிந்ததும் பள்ளிவாசல் லெப்பை கபுறின் தலைமாட்டில் குந்தினார். எங்கள் ஊரில் அடக்கியதும் தல்கீன் ஓதுவது வழக்கம். மையித்தைத் தாயின் பெயர் சொல்லி, இன்னாருடைய மகளே என்று கூப்பிட்டு, மலக்குகளான வானவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நினைவூட்டுவார்கள்.

“இவட உம்மாட பேர் என்ன?” என்று லெப்பை கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். யாருக்கும் தெரியாது.

லெப்பை தடுமாறவில்லை. தாயின் பெயர் தெரியாவிட்டால் மனிதரெல்லாருக்கும் தாய் ஹவ்வா உம்மாதானே. “ஹவ்வாவின் மகளே” என்று அறபியில் கூப்பிட்டு ஓதத் தொடங்கினார்.

ஓதி முடியும்வரை ஸஹீத் அசையாமல் நின்றார். முடிந்ததும் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். அன்றுதான் முதல்முறையாக அளக்காமல் போனார். பிறகு நான்தான் நாடா பிடித்தேன், பிழையாக.

மறுநாள் காலை அனுப்பியதாகச் சொன்னார். வியாழக்கிழமை சான்றிதழ் வந்தது. தங்கராசா கீழே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தாராம்: ‘எல்லா வரியும் பார்த்தேன் சேர்.’

நான் சந்தியில் மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு ஸஹீத் வீட்டுக்குப் போனேன். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அறுபத்துமூன்று வரியும் இருந்தன. ஆண் என்றிருந்த இடமெல்லாம் ‘ஹவ்வாவின் மகன்’, பெண் என்றிருந்த இடமெல்லாம் ‘ஹவ்வாவின் மகள்’. உண்மையாகவே சந்தோசப்பட்டேன், வாய் ஓயாமல் பாராட்டினேன்.

வரி மாற்றப்பட்ட நேரத்தைப் பக்கத்தில் காட்டுகிற மென்பொருள் அது. பாராட்டிக்கொண்டே அந்த நேரங்களையும் பார்த்தேன். ஆண்களின் இருபத்தைந்து வரியும் ஒரே நிமிடத்தில் நிரம்பியிருந்தன. பெண்களின் வரிகள் அப்படியில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏழெட்டு நிமிட இடைவெளி. முப்பத்தெட்டு வரிக்கு லுஹர் முடிந்து அந்தி மஃரிப்வரை போயிருந்தது.

“இதென்ன ஸஹீத், கொம்பியூட்டர் இறுகிட்டா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். மஸ்கட் பொதியைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“எது ஸம்ஸியா எண்டு தெரியாதே மச்சான். அதால முப்பத்தெட்டுப் பேருக்கும் தல்கீன் முழுசா ஓதிட்டுத்தான் பேர அடிச்சன்.”