புகழ்ந்து அனுப்புகிறவர்கள்

மேனேஜர் என்னைப் புகழ்ந்தது ஒரு திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில். எல்லாப் பிரிவு சூப்பர்வைசர்களும் இருந்தார்கள். "நம்ம பொண்ணு மாதிரி ஆளுங்க இங்கியே அடைஞ்சி கெடக்கக் கூடாது. எச்கியூவுல இருக்க வேண்டிய மூளை இது" என்றார். கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். காட்டிக்கொண்டே, யார் கொஞ்சம் கூடுதலாகத் தட்டுகிறார்கள் என்று பார்த்தேன். மூன்று பேர். மூன்று பேருக்குமே என்னைக் கண்டால் ஆகாது.

வேறொரு கம்பெனியாக இருந்திருந்தால் அன்று மாலை வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் செரண்டாவில் எங்கள் பிளாஸ்டிக் டப்பா தொழிற்சாலையில் ஓர் ஆளை வாயாரப் புகழ்ந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தெரிந்துகொண்டிருந்தேன்.

நான் அங்கே மனிதவளப் பிரிவில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்ததும் அதுதான். ஈஜோக்கிலிருந்து தினமும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதே மண்டைக்குள் நாலு திட்டம் ஓடிக்கொண்டிருக்கும். தலைமைத்துவம், படைப்பாற்றல், திறமையை அடையாளம் காணுதல் என்று எனக்குப் பிடித்த சொற்கள் எல்லாம் என் வேலைக் குறிப்பிலேயே இருந்தன. அதை யாராவது நம்பி எழுதியிருப்பார்கள் என்று நினைத்த வயசு.

அப்போது எச்கியூ என்று நாங்கள் சொல்லும் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் கெட்டிக்கார ஆள் ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர்களை ஷா ஆலாமுக்குக் கூப்பிட்டு ஒரு வருடம் தலைமைப் பயிற்சி கொடுப்பார்கள். பிரிவு பிரிவாகப் போய்ப் பேசி, ஆளைப் பார்த்து வருவது என் வேலை. குதித்துக்கொண்டு போனேன்.

டப்பாக்களை அடுக்கிக் கட்டும் பெக்கிங் பிரிவில் லைன் லீடர் அக்காவைப் பார்த்தேன். எஸ்டேட்டில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவரின் மகள். பேசும்போதே நாலு பக்கமும் கண் ஓடிக்கொண்டிருக்கும். தன் லைனில் வேலை செய்யும் ஒரு அண்ணனைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. பொறுமைசாலி, எதற்கும் பதற மாட்டார், யாரோடும் சண்டையில்லை, பெரிய இடத்துக்குப் போக வேண்டிய ஆள். அந்த அண்ணனைத் தேடிப் போனேன். பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால், தட்டையாக மடித்த அட்டைகள் மேல் சாய்ந்திருந்தார். பதறாத ஆள் என்பது உண்மைதான். நான் போய் நின்றும் எழுந்திருக்கவில்லை.

"எச்கியூவா தங்கச்சி? அங்க ஏர்கான் இருக்குமா?"

"இருக்கும் அண்ணே."

"அப்ப என் பேரப் போட்டுக்க."

அடுத்து ஸ்டோருக்குப் போனேன். அங்கே புகழப்பட்டவர் எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டு ஸ்டோர் சூப்பர்வைசரின் உயிரை எடுப்பவர். மெஷின் பழுதுபார்க்கும் பிரிவில் புகழப்பட்டவருக்கும் மற்றவர்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இதையெல்லாம் பார்த்தபின்தான் எனக்கு ஏதோ நாற்றமடித்தது.

பெக்கிங்கில் ஜெராமிலிருந்து கம்பெனி வேனில் வரும் ஒரு அக்கா இருந்தார். வாயாடி. கட்டளை போடுகிற குரல். புதிதாக வரும் பங்களாதேஷ் பையன்களுக்கு எந்த சூப்பர்வைசருக்குப் பயப்பட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார். அவர் லீவு போட்ட நாளில் அந்த லைன், அம்மா ஊருக்குப் போன வீடு மாதிரி இருக்கும். அவரைப் பற்றிக் கேட்டபோது லைன் லீடர் அக்கா முகத்தைச் சுளித்து, "அவளா? சுமார்தான் மா. வாய் ஜாஸ்தி" என்று முடித்துக்கொண்டார்.

கெண்டீனில் லைன் லீடர் அக்காவை மடக்கினேன். மீ கோரேங் தட்டோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஜெராம் அக்காவ ஏன் சுமாருன்னு சொன்னீங்க?"

"சுமாரு இல்லாம?"

"அந்த அண்ணன் பெட்டி மேல படுத்திருந்தாரு."

சிரித்துவிட்டார். சாப்பாடு புரையேறிற்று. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நல்லா வேல செய்றவள எச்கியூவுக்குத் தூக்கிக் குடுத்துட்டு நான் என்னா செய்றது? நீ வந்து டப்பா அடுக்குவியா? அவன அனுப்புனா அவனுக்கும் சொகம், எனக்கும் சொகம்."

"அங்க போயி என்ன செய்வாரு?"

"அது அவங்க பாடு லா. அங்கேருந்து இங்க அனுப்புறவங்க மட்டும் என்னா, பொறுக்கி எடுத்தா அனுப்புறாங்க?" கரண்டியை என் பக்கம் நீட்டினார். "ஒன்னையும் அங்கேருந்துதானே அனுப்புனாங்க?"

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவே இல்லை. நான் முதலில் சேர்ந்தது ஷா ஆலாமில்தான். 'களத்தைத் தெரிந்த ஆள் வேண்டும், உன்னை மாதிரி துடிப்பான ஆள்' என்று சொல்லித்தான் என்னைச் செரண்டாவுக்கு அனுப்பினார்கள். துடிப்பு என்ற சொல்லை அதன்பிறகு பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மேனேஜர் என்னைப் புகழ்ந்ததும் கை தட்டியவர்களை எண்ணினேன். கூட்டம் முடிந்ததும் விவரம் சொன்னார். தலைமை அலுவலகத்தில் திறமை மேம்பாட்டுக் குழுவில் எனக்கு இடம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். போனால் என் இடத்துக்கு இங்கே வேறு ஆள் வந்துவிடும். திரும்பி வர வழியில்லை. போகவில்லை என்றால் வளர விருப்பமில்லாதவள் என்று பெயராகும். இரண்டையும் ஒரே மூச்சில், சிரித்த முகமாகச் சொன்னார்.

போவதில் எனக்கு என்ன கஷ்டம் என்றால், வெள்ளிக்கிழமை அரைமணி. அதை ஆரம்பித்தது நான். வாரா வாரம் வேலை நேரத்தில் அரைமணி, லைனில் வேலை செய்பவர்கள் கெண்டீனில் உட்கார்ந்து எதை மாற்றலாம் என்று பேசுவார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: சூப்பர்வைசர், மேனேஜர் யாரும் உள்ளே வரக் கூடாது. அவர்கள் இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? முதல் சில வாரம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு ஜெராம் அக்கா பேச ஆரம்பித்தார். ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் முகம் பார்ப்பதில்லை. குப்பையை யார் விட்டுப் போனது, மெஷினை யார் கெடுத்தது என்று தினமும் சண்டை. "டீ நேரத்த ஷிப்ட் முடியுற நேரத்துக்குத் தள்ளி வைங்க. ரெண்டு பேரும் ஒன்னா நின்னு குடிக்கட்டும். கையில டீய வச்சிகிட்டு எவ்ளோ நேரம்தான் மொறைச்சிகிட்டு இருப்பாங்க?" என்றார். செய்து பார்த்தோம். சண்டை குறைந்தது.

சண்டை குறைந்ததில் சந்தோஷப்படாதவர்களும் இருந்தார்கள். அதுவரை ஒவ்வொரு சண்டையும் சூப்பர்வைசர் வழியாகத்தான் மேலே போகும். இப்போது அவர்களிடம் கொண்டுபோக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர் அறைக்குள் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் போவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. என் கம்ப்யூட்டர் கோப்புகளைப் பொதுவில் போடச் சொன்னார்கள். சந்தேகம். வாசலில் காவல் நிற்கும் ஜாகா அண்ணன் வழக்கத்துக்கு மாறாகச் சல்யூட் அடித்தார். இவருக்குமா தெரியும்? மேனேஜர் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தக் கோப்பியைக் குடிக்கவே தோன்றவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குள் போனேன். வழியில் ஒரு சோதனையை யோசித்து வைத்திருந்தேன். எங்கள் தொழிற்சாலை வழக்கப்படி, வைத்துக்கொள்ள நினைக்கிற ஆளைத்தான் குறை சொல்வார்கள்.

"சார், எங்கிட்ட என்ன குறை?"

பேனாவை மூடி வைத்தார். "எதுக்குக் கேக்குற?"

"தெரிஞ்சிக்கணும் சார்."

"உக்காரு." மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தார். "அவசரம். யாரையும் கேக்காமயே ஆரம்பிச்சிடுவ. ஒரு மெயில் போட வேண்டிய எடத்துல அஞ்சு மெயில். நாங்க பாதி பேசுறப்பவே மீதிய நீ சொல்லிடுவ. அதுலயும் தப்பா சொல்லுவ."

எனக்கு மனசு குளிர்ந்தது. "அப்புறம் ஏன் சார் என்னை அனுப்புறீங்க?"

அவர் சிரித்தார். "பெக்கிங் லைன் லீடரு கணக்க எனக்கே போட்டுப் பாக்குறியா?"

தூக்கிவாரிப் போட்டது. இவருக்குத் தெரியும். இத்தனை நாளும், யார் யாரைப் புகழ்ந்து தள்ளிவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நெசத்த சொல்லவா? நீ கெட்டிக்காரி. நீ போனா எனக்கு நிம்மதி. ரெண்டும் உண்மை" என்றார்.

"எது சார் மொதல்ல?"

"அதப் பிரிச்சிப் பாத்ததில்ல மா."

"நான் போகலைன்னா?"

"இரு. யாரு வேணாங்குறா? ஆனா அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்போம். சூப்பர்வைசருங்க ரொம்ப கச்சாவ் பண்றாங்க, தொல்ல தாங்கல."

எதற்காக இங்கே இருக்க நினைத்தேனோ, இருந்தால் அதுதான் போகும். இதையும் யோசித்து வைத்திருப்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக லோரி பின்னுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போறேன் சார். ஆனா அந்த அரைமணி நிக்கக் கூடாது. ஜெராம் அக்காதான் நடத்தணும். கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"சரி" என்றார்.

அவ்வளவு சீக்கிரமாகச் சரி என்றதுதான் என்னைத் தின்றது. கொஞ்சமாவது பேரம் பேசியிருக்கலாம். படியிறங்கும்போது, இன்னும் ஏதாவது கேட்டிருக்க வேண்டுமோ, கேட்டதே அவர் விரித்த வலைதானோ என்று இரண்டு பக்கமும் மனசு இழுத்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த கூட்டத்தில் ஜெராம் அக்கா பெயரை அறிவித்தார். லைன் லீடர் அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அவளுக்கு அதெல்லாம் வராது சார். சுமாரான ஆளு. வாயத் தொறந்தா மூட மாட்டா."

இதைவிட நல்ல சான்றிதழ் எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் என் கடைசி நாளன்று, மோட்டார் நிறுத்துமிடத்தில் அதே லைன் லீடர் அக்கா என் தலைக்கவசத்தை எடுத்துக் கையில் கொடுத்து, "போ மா. ஒன்ன மாதிரி ஒரு புள்ள எங்களுக்கு இனிமே கெடைக்காது" என்றார். கண் கலங்கியிருந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமலே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டேன்.

ஷா ஆலாமில் எனக்குக் கண்ணாடி ஓரத்தில் இடம், சுழலும் நாற்காலி. பக்கத்து இருக்கைகளில் மற்ற கிளைகளிலிருந்து வந்த திறமைசாலிகள். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். இவர்களை யார் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை, அரைமணி முடிந்திருக்கும் என்று தெரிந்த நேரத்தில் ஜெராம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நடந்துச்சா அக்கா?"

"நடந்துச்சு, நடந்துச்சு. கத்தாத, காது வலிக்குது."

"எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்க. ஒன் மேனேஜரும் வந்தாரு."

"அவரா? அவர் வரக் கூடாதே அக்கா."

"நாந்தான் கூப்பிட்டேன். ரெண்டு சூப்பர்வைசருங்களயும் கூப்பிட்டேன். வெளியவே நிக்க வச்சா அங்கயே நின்னு கொள்ளி வைப்பாங்க. உள்ள வந்து டீ குடிக்கட்டும். மேனேஜரு பின்னால நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டுக் கடைசி வரைக்கும் இருந்தாரு."

எனக்கு உடனே வந்தது கோபமா பொறாமையா என்று பிரிக்கத் தெரியவில்லை. நான் கதவை மூடி வைத்ததால்தான் அவர் என்னைத் தள்ளிவிட்டாரா? திறந்து வைத்ததால் ஜெராம் அக்காவை விழுங்கப் பார்க்கிறாரா?

"நல்லதுக்கா" என்றேன். "ஒன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க இருக்கும்போது, யாராச்சும் வழக்கம்போல சூப்பர்வைசருங்களப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்திலிருந்து அவர் தள்ளிப் போவது கேட்டது.

"இல்ல" என்றார். "இந்த வாரம் யாரும் சொல்லல."