மணியிலிருந்து கழற்றிய இரண்டு பற்றரி

போன கிழமை வாசலுக்கு ஒரு அழைப்புமணி வாங்கினேன். வயர் இல்லாத சாதி. பற்றரி போடுகிற மூடியைத் திறந்ததும் அந்த உலோக மணம் மூக்கில் ஏறியது. மனம் நேரே கண்டிக்கு வெளியே இருக்கிற அலவத்துகொடைக்கு ஓடிவிட்டது. பற்றரியைத் தலைகீழாகப் போட்டேன். பொறியியல் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்று வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

கண்டியில்தான் எனக்கு முதல் உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்த கையோடு மனைவியையும் கூட்டிவந்து அலவத்துகொடையில் சலீம் நானா என்ற முஸ்லிம் பெரியவரின் வீடொன்றில் வாடகைக்கு இருந்தேன். நானாவின் பலசரக்குக் கடை மாத்தளை றோட்டுச் சந்தியில். எங்கள் வீடு எண்பது யார் தூரம் கீழே, கிளிசரியா வேலிக்கு அப்பால். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்கு முன்னரே தமிழருக்குக் காற்று சரியில்லை. நான் பகலெல்லாம் கண்டியில். வீட்டில் மனைவி தனியே, ஆறு மாதக் கர்ப்பம். அதனால் கடையில் ஒரு பொத்தான், வீட்டில் ஒரு மணி. அடிக்க ஆட்கள் வந்தால் நானா பொத்தானை அமத்துவார். மனைவி பின்வழியால் பள்ளிவாசலடியில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

முதலில் கட்டியது தடித்த வயர். நன்றாக அடித்தது. ஆனால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, தமிழன் வீட்டுக்கு எதற்கு வயர் என்று கேட்கத் தொடங்கினார்கள். அன்றே கழற்றினோம். பிறகு எரிந்துபோன மின்விசிறி ஒன்றிலிருந்து தலைமயிர் போன்ற செப்புக்கம்பியை உருவி வேலிக்குள் ஓடவிட்டேன். யார் கண்ணிலும் படவில்லை. மணியும் அடிக்கவில்லை.

மேசையில் வைத்தால் கணகணவென்று அடிக்கிற மணி! "நீங்கள் படிச்சது இந்த மணிக்குத் தெரியாது போல கிடக்கு" என்றாள் மனைவி. படிப்பில் பிழையில்லை, யோசிக்காதவன் நான். பற்றரி தள்ளுகிற தள்ளுத்தான் வோல்ற்றளவு. அந்தத் தள்ளலில் ஓடுவது மின்னோட்டம். அதை மறிப்பது தடை. கம்பி மெலிந்து நீண்டால் தடை கூடிவிடும். மணியின் சுத்தியலை இழுக்கப் போதிய ஓட்டம் வராது. இரண்டு பற்றரியை ஆறாக்கினேன், தள்ளு கூடியது. நாலு கம்பியை ஒன்றாக முறுக்கினேன், தடை நாலில் ஒன்றானது. நானா மேலே அமத்த, கீழே மணி அடித்தது. மனைவி பின்வழியில் கடைக்குத் தெரிகிற திருப்பத்துக்கு வந்து கைகாட்டினாள். கடையில் நிற்பவருக்கு மணி கேட்காது. அவளைத் திருப்பத்தில் கண்டால்தான் நிச்சயம். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

கொழும்பிலிருந்து கலவரச் செய்திகள் வரத்தொடங்கிய மாலை, எங்கள் ரேடியோ நின்றுபோனது. கடையிலும் பற்றரி முடிந்திருந்தது. மணியிலிருந்து இரண்டைக் கழற்றி ரேடியோவில் போட்டுச் செய்தி கேட்டேன். பிறகு திருப்பிப் போடலாம் என்று இருந்தவன், காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

பத்து மணிபோல அலுவலக ஜன்னலால் புகை தெரிந்தது. எல்லோரும் ஒரு ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். அந்த ரேடியோவைக் கண்டபோதுதான் மணியிலிருந்து கழற்றிய பற்றரி எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு பற்றரி இல்லையென்றால் சுற்று அறுந்ததாகத்தான் கணக்கு. அறுந்த சுற்றில் மிச்ச நாலும் எவ்வளவு தள்ளினாலும் ஓட்டம் பூச்சியம். அலுவலகச் சாரதி, சிங்களவர், என்னை வானின் ஆசனத்துக்குக் கீழே படுக்கவைத்துச் சாக்கால் மூடி, சுற்றுவழியால் கொண்டுபோனார். அவளைக் கொன்றுவிட்டேன் என்றே வழிநெடுக நினைத்தேன்.

சந்தியில் நானாவின் கடை எரிந்துகொண்டிருந்தது.

மனைவி பள்ளிவாசலடி வீட்டில் உயிரோடு இருந்தாள். நானா மூன்று தரம் அமத்தியிருக்கிறார். திருப்பத்தில் அவளைக் காணவில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டிவந்திருக்கிறார். பலகை போட்டுப் பூட்டிவிட்டு முன்னால் நின்றிருந்தால் கடை தப்பியிருக்கும். ஆளில்லாமல் திறந்து கிடந்ததை வந்தவர்கள் விட்டுவைக்கவில்லை.

"வயர் அறுந்தீக்கும் தம்பி" என்றார் நானா. "போன கெழம வேலில கொப்பு வெட்டினது நான்தானே. கத்தி பட்டீக்கும். என்ட புத்தியச் செருப்பால அடிக்கோணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். மணிப்பெட்டியில் இரண்டு இடம் வெறுமையாக இருந்ததை அவள் கண்டிருந்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லை நானா" என்றேன். கடையை இழந்த மனுசனை நான் மன்னித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய்விட்டோம். அங்கே மகன் பிறந்தான். போர் வந்து பாதைகளை மூடியது. நானாவுக்கு எழுத உட்கார்ந்த போதெல்லாம் சுகம் விசாரித்தே கடிதத்தை முடித்தேன். பாதை திறந்தபின், நேரில் சொல்லிவிடுவது என்று ஒருநாள் புறப்பட்டேன். வேலி இருந்த இடத்தில் மதில். கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். பள்ளிவாசலடி வீட்டில் நானாவின் மகள்தான் இருந்தாள். அவர் மௌத்தாகி, அடக்கம் பண்ணி நாலு வருசம் என்றாள்.

"கடை எரிஞ்சதுக்கு வாப்பா ஒரு நாளும் கவலப்படல்ல. ஒங்கட பொஞ்சாதிக்கி மணி கேக்காமப் போனது தன்ட கத்தியாலதான் எண்டு கடைசி வரைக்கும் செல்லிச் செல்லி அழுதாரு."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றாள். குடித்தேன்.